வெளியே சேர்ந்த மூலை

பாதிரி ஐயர் பிரசங்க பீடத்தில் முதல் தட்டுத் தட்டியதுமே பியூலா அதன் மூலையைப் பார்த்தாள். பிரசங்கத்தில் ஒரு வார்த்தைக்கு அழுத்தம் வேண்டுமென்றால் பீடத்தின் மேல்சட்டத்தில் உள்ளங்கையை ஓங்கி அறைவது அவர் பழக்கம். பழைய பீடம் கறையானால் போகவில்லை, ஐயரிடம் பட்ட அடியால்தான் போயிற்று என்று சபை வாலிபர்கள் கேலி பேசுவார்கள். இது புதுப் பீடம், ஈஸ்டருக்கு வைத்தது, அவள் வீட்டுப் பட்டறையில் செய்தது. தேக்குப் பலகை மூன்று. முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, பின்னால் படியேறத் திறப்பு. அடியில் ஒடுங்கி மேலே போகப்போக வெளிப்பக்கமாக விரிகிற வாட்டம். அந்த வாட்டத்தை வரைந்தது அவள். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சிலிருந்து பார்த்தால் இரண்டு மூலையும் கோடு போட்ட மாதிரி சேர்ந்திருந்தன. சேராமல் என்ன, வெளியே சேரத்தான் செய்யும், அதுதான் அந்தத் தப்பின் குணமே, சாய்ந்து நிற்கிற பலகையை நாற்பத்தைந்து பாகையில் அறுத்துச் சேர்த்தால் வெளி ஓரம் இரண்டும் ஒட்டி உறவாடும், உள்பக்கம் வாயைப் பிளக்கும். சபை பார்க்கிற பக்கம் அழகு. உள்ளே நிற்கிறவருக்கு மட்டும் விரல் போகிற சந்து. அந்தச் சந்தில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பி, மேலே பாலிஷைத் தடவிக் கொடுத்தாயிற்று, வைகாசி வெயிலில் அப்பியது சுருங்கி உதிர்ந்தாயிற்று. இப்போது அந்த மூலை வெறும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஐயர் தட்டுகிறார். உடையட்டும், என்று நினைத்தாள். சபை நிறைந்திருக்கும்போதே டமார் என்று பிளந்து விழட்டும், அப்போது தெரியும். அடுத்த மூச்சில், ஐயோ வேண்டாம் கர்த்தரே, என்று கைக்குட்டையை இறுக்கிக்கொண்டாள். ஆண்கள் பக்கம் ஜன்னலோரம் அவள் புருஷன் ஆசீர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. காலையில் அவளேதான் தேய்த்துக் கொடுத்தாள். அதை நினைத்ததும் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பிரசங்கம் முடிந்தால் அறிவிப்பு, அறிவிப்பு முடிந்தால் அந்த வாரம் கல்யாண நாள் வருகிறவர்களை முன்னால் கூப்பிடுவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பீடத்துக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போடவேண்டும், ஐயர் இரண்டு தலையிலும் கை வைத்து ஜெபிப்பார். இந்த வாரம் அவர்களுடையது. ஆசீர் முன்கூட்டியே பேர் கொடுத்துவிட்டார். முழங்கால் போடவேண்டுமாம், அந்த மூலைக்குக் கீழேயே, அந்த மனுஷனுக்குப் பக்கத்திலேயே. நேற்றுவரை அவளுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. நாற்பத்தைந்தில் அறுத்ததற்குச் சண்டை போட்டாள், அது பட்டறைச் சண்டை, பட்டறையோடு போகிற சண்டை. எவ்வளவு சொன்னாள். மெஷின் ஓடாத நேரம் பார்த்து, அவர் டீ குடிக்கிற நேரம் பார்த்து, பதமாகத்தான் சொன்னாள். நிமிர்ந்து நிற்கிற பெட்டிக்கு நாற்பத்தைந்து சரி. ஆனால் நாலு பலகையையும் அப்படியே வெளியே சாய்த்துக்கொண்டே போங்க, கடைசியில் தரையோடு தரையாகப் படுத்துவிடும், படத்துக்குச் சட்டம் போடுகிற மாதிரி. அப்போது வாளைச் சாய்க்கவே வேண்டாமே, நேராக நிறுத்தித்தானே அறுப்பீங்க? நிமிர்ந்தால் நாற்பத்தைந்து, படுத்தால் ஒன்றுமில்லை, அப்படியானால் நடுவில் சாய்ந்து நிற்கிறதுக்கு நடுவில் ஒரு அளவுதானே வரும்? இதைவிட எப்படிச் சொல்வது. காலண்டர் அட்டையில் வெட்டி ஒட்டிக் காட்டினாள். தரையிலிருந்து அறுபது பாகை சாய்வுக்கு வாள் முப்பத்தேழே முக்காலில் சாயவேண்டும், பலகையின் முகத்தில் போடுகிற குறுக்குக் கோடு இருபத்தாறரையில் விழவேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் மூலை. அவர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏட்டி, சதுரமான பீடம், மூலைக்குத் தொண்ணூறு, ரெண்டு பலகை சேந்தா ஆளுக்குப் பாதி. இதுக்கு எதுக்கு இம்புட்டு சுத்து?" என்றார். "கோடு வேணும்னா ஒன் இருபத்தாறரையில போடுதேன். வாளு நாப்பத்தஞ்சுதான். மெஷினையே பாரு, கைச்சக்கரத்த எம்புட்டுத் திருப்புனாலும் நாப்பத்தஞ்சுல முட்டி நிக்கி. மெஷின் செஞ்சவனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிட்டு?" முட்டி நிற்கிறதாம். முட்டுகிற இடம்தான் சரியான இடம் என்று எந்த மடையன் சொன்னான். சுவரில் முட்டினால் வீடு வந்துவிட்டதென்று அர்த்தமா? இதை அப்போதே சொல்லியிருக்கவேண்டும். நல்ல பதில் எல்லாம் அவளுக்கு எப்போதும் பாத்திரம் கழுவும்போதுதான் வரும், இல்லையென்றால் கோயிலில், வாயைத் திறக்கக்கூடாத இடத்தில். பாதியை எடுத்துக்கொண்டார், பாதியைத் தூக்கி எறிந்தார். இருபத்தாறரை அவள் கணக்கு, நாற்பத்தைந்து மெஷின் கணக்கு. இரண்டு பேருக்குப் பிறந்த பிள்ளைபோல அந்த மூலை எந்தக் கணக்குக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது. அதுகூடப் போகட்டும், அதுகூடப் பொறுத்தாள்.

நேற்றுச் சாயந்திரம் கோயில் ஆல்டர் மேசைக்குப் பூ வைக்கிற முறை அவளுக்கு. செவ்வந்தியைக் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தபோது ஐயரம்மா, ஐயரின் வீட்டுக்காரி, நல்ல மனுஷி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி, பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள். "பியூலாக்கா, நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. கணக்குன்னா யாருக்கும் தப்பத்தான் செய்யும்" என்றாள். என்ன கணக்கு, எங்கே தப்பிற்று என்று பியூலாவுக்கு விளங்கவில்லை. கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு பார்த்தாள். "அதான், பீடத்து மூலை. உள்ள சந்து விட்டிருக்குன்னு செக்ரட்டரி கேட்டாவளாம். ஆசீர் அண்ணாச்சிதான் சொன்னாவ, கணக்கெல்லாம் அவதான், அவ சொன்ன கோணத்துல நம்பி அறுத்துட்டேன், இனிமே அவள விடமாட்டேன்னு. அடுத்த வேல, மணிக்கூண்டுக் கூரைய, அண்ணாச்சியே கணக்குப் போட்டுச் செய்யட்டும்னு கமிட்டியிலயும் பேசிட்டாவ. பாவம், நீங்க எவ்வளவு ஆசையா வரஞ்சீங்க." பூவைக் குவளையில் சொருகினாள். இன்னொன்றைச் சொருகினாள். "ஆமா" என்று சொன்னதாக ஞாபகம். ஏன் ஆமா என்றாள்? எதற்கு ஆமா? ஐயரம்மாவிடம் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாதென்றா? சபைச் செக்ரட்டரி ஜெயசீலனிடம் அவளை விட்டுக்கொடுக்கும்போது ஆசீருக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லையே. கணக்கெல்லாம் அவதான். இந்த வாக்கியத்தை அவர் எத்தனை பேரிடம் எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கல்யாணமான புதிதில் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், மரத்தைத் தட்டிக் காட்டுகிற மாதிரி அவளைக் காட்டிச் சொல்வார், கணக்கெல்லாம் அவதான், நான் அறுக்கிறதோட சரி. பெண்பிள்ளை மெஷின் பக்கம் நிற்கலாமா என்று அவர் அம்மா கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். அவளுக்கு முகமெல்லாம் சூடேறும், உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். அதே வார்த்தை. ஒரு எழுத்து மாற்றாமல் அதே வார்த்தையை எடுத்து இப்போது அவள் தலையில் கட்டிவிட்டார். மணிக்கூண்டுக் கூரை நாலு பக்கமும் சரிகிற கூரை, நாலு சரிவுப் பலகை ஒரு உச்சியில் கூடுகிறது, அதை எப்படிச் சேர்ப்பது என்று அவள் சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் மனசில் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமே அவள விடமாட்டேன். விடுகிறதுக்கும் விடாததுக்கும் அவள் என்ன கட்டிப்போட்ட ஆடா?

ஐயர் இரண்டாவது தரம் அறைந்தார். இன்றைக்குக் குடும்ப ஞாயிறு. குடும்பத்துக்குத் தலை யார் என்று கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். தலை தப்புப் பண்ணினால் உடம்பு பொறுக்கவேண்டும் என்றார். அப்படியா. தலை தப்புப் பண்ணிவிட்டு, கைதான் பண்ணிற்று என்று சொன்னால்? அதற்கு ஒன்றும் இல்லையா உம்முடைய பிரசங்கத்தில்? உம்முடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே சந்து விட்டிருக்கிறது, குனிந்து பாரும், அதற்குள்ளே இருக்கிறது உம்முடைய தலை. சே, கோயிலில் என்ன நினைப்பு இது. நினைப்பு வந்தால் வரட்டும். நேற்று வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டாள். அவர் பனியனோடு வாசலில் உட்கார்ந்து வாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்ட்டி. செக்ரட்டரி நாலு பேரு முன்னால கேக்காரு, நான் என்னத்தச் சொல்ல? நாளைக்கு நாலு எடத்துல வேலைக்குப் போறவன் நான். ஒனக்கு என்ன நஷ்டம்?" என்றார். உனக்கு என்ன நஷ்டம். இந்த இடத்தில்தான் அவள் புத்தி மாட்டிக்கொண்டது, மரத்தில் ஆணி இருப்பது தெரியாமல் வாள் மாட்டுமே அது மாதிரி, நேற்றிலிருந்து கிறீச்சென்று அதே இடத்தில் நிற்கிறது. உனக்கு என்ன நஷ்டம். நிஜமாகவே கேட்டார், குத்தலாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அவளுக்கு நஷ்டப்பட ஒன்று இருக்கிறதென்றே அவருக்குத் தெரியவில்லை. அவர் பேர் கெட்டால் அது பேர், அவள் பேர் கெட்டால் அது ஒரு பேச்சு. உள்ளே போய் இட்லிக்கு மாவாட்டினாள், ஆட்டின மாவு பஞ்சாக வந்தது, அதை வேறு காலையில் ருசித்துச் சாப்பிட்டார்.

ஒருவேளை தன் கணக்கே தப்போ. இது எங்கிருந்தோ சில்லென்று வந்தது. எல்லாரும் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் சொல்லப்பட்டவளுக்கே அது உண்மை மாதிரி ஆகிவிடுகிறது. ஐயரம்மா தோளில் கை வைத்த விதத்திலேயே பாதி நம்பிவிட்டாளோ என்னவோ. பாட்டுப்புத்தகத்தை எடுத்து மடியில் நிறுத்தி, இரண்டு அட்டையையும் சதுரமான மூலைபோல் விரித்துப் பிடித்தாள். இது நிமிர்ந்த பெட்டி, நடுவில் தொண்ணூறு. அடி ஓரம் இரண்டையும் மடியில் சதுரமாகவே வைத்துக்கொண்டு, அட்டைகளை வெளிப்பக்கமாகச் சாய்த்தாள். முதுகு முன்னால் சரிந்தது, அட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று விரிந்தன. விரியத்தானே செய்கிறது? கண் முன்னால் விரிகிறதே. இரண்டு பலகைக்கும் நடுவே உள்ள இடம் தொண்ணூறைவிடப் பெரிதாகிறது. உள்ளே இடம் பெருகினால் அதை அடைக்க ஓரத்தில் மரம் கூடுதலாக நிற்கவேண்டும், கூடுதலாக நிற்கவேண்டுமென்றால் வாள் குறைவாகச் சாயவேண்டும். நாற்பத்தைந்தில் சாய்த்து அந்த மரத்தைச் சீவித் தள்ளிவிட்டு, அதன் இடத்தில் தூளைக் குழைத்து அப்பினால் நிற்குமா? சரி, சரி, அவள் கணக்கு சரி. முப்பத்தேழே முக்கால். பக்கத்தில் இருந்த தங்கநேசம், தையல்காரி, பாட்டு வந்துவிட்டதோ என்று நினைத்துத் தானும் புத்தகத்தை எடுத்து அவசரமாகப் புரட்டினாள். பியூலாவுக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் அழுகையாக மாறப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழமாட்டாள். அழுதால் பிரசங்கம் மனதைத் தொட்டுவிட்டது என்று ஐயர் நினைத்துக்கொள்வார், அந்தப் பெருமை அவருக்கு வேண்டாம்.

மூன்றாவது அறை பலமாக விழுந்தது. கூடவே இன்னொரு சத்தம், சின்னச் சத்தம், சுள்ளி முறிகிற மாதிரி. ஒருவரும் திரும்பவில்லை. மின்விசிறிச் சத்தம் என்று நினைத்திருப்பார்கள். அவளுக்குத் தெரியும், அது மரம் பேசுகிற சத்தம். இடது மூலையில் பாலிஷில் உச்சியிலிருந்து ஒரு ஜாண் நீளத்துக்கு முடி மாதிரி ஒரு கோடு. அவள் ஆசீரைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது. இந்தக் கூட்டத்தில் அந்தச் சத்தம் கேட்ட காது இரண்டு பேருக்குத்தான். அவர் பார்வை பீடத்தைவிட்டு நகர்ந்து பெண்கள் பக்கம் வந்து அவளைத் தேடிற்று, கண்டது, உடனே குனிந்துகொண்டது. விழுந்தால் ஐயருக்கு அடிபடும், இவர் தலை நிமிர்ந்து தெருவில் நடக்க முடியாது. பார், இப்போதும் இவருக்காகத்தான் பதறுகிறாய், என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. விழுந்தாலும் என்ன சொல்வார்கள்? பியூலா போட்ட கணக்கு, அதான் விழுந்தது என்பார்கள். விழாமல் நின்றால், ஆசீர் அண்ணாச்சி கைவேலை, கணக்குத் தப்பியும் எப்படி நிற்கிறது பாரு என்பார்கள். உடைந்தாலும் அவளுக்கு இல்லை, நின்றாலும் அவளுக்கு இல்லை. மரம் அவளுக்காகச் சாட்சி சொல்லப்போவதில்லை. இவ்வளவு நேரம் ஒரு மேல்சட்டத்தையும் ஒரு உள்ளங்கையையும் நம்பி உட்கார்ந்திருந்தாளே, எவ்வளவு பைத்தியக்காரத்தனம். கர்த்தர் கிருபையால் பிரசங்கம் அத்தோடு முடிந்தது. அறிவிப்புகள் ஓடின, பெண்கள் ஐக்கியக் கூட்டம், கல்லறைத் தோட்டம் துப்புரவு, எதுவும் காதில் ஏறவில்லை. உனக்கு என்ன நஷ்டம், உனக்கு என்ன நஷ்டம். இப்போது பதில் தெரிந்தது. பாத்திரம் கழுவும் இடத்தில் இல்லாமல், நேரத்தோடு ஒரு தரம் பதில் வந்திருந்தது.

"இந்த வாரம் திருமண நாளைக் கொண்டாடும் ஆசீர், பியூலா தம்பதியர் முன்னால் வரவும்" என்று ஐயர் வாசித்தார். ஆசீர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நடைபாதையில் நடந்துபோய்ப் பீடத்துக்குக் கீழே முழங்கால் போட்டார். பக்கத்தில் இடம் விட்டே போட்டார். பியூலா அசையவில்லை. பிள்ளைகள் பாடல் குழுவில் யாரோ இருமினார்கள்.

"ஏ பியூலா, ஒன் பேரத்தான் சொல்லுதாவ. போ" என்று தங்கநேசம் இடித்தாள்.

"கேட்டுச்சு."

"மேலுக்கு முடியலியா, காய்ச்சலா?"

"மேலுக்கு ஒண்ணுமில்ல."

ஐயர் மைக்கை விட்டுத் தள்ளி நின்று, "வாங்கம்மா, வாங்க" என்றார். ஆசீர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்துப் பின்பக்கம் சட்டைக் காலருக்கு மேலே வியர்வை மின்னியது. பியூலா இருந்த இடத்திலேயே, குரலை உயர்த்தாமல், ஆனால் கடைசிப் பெஞ்சு வரைக்கும் போகிற மாதிரி சொன்னாள்:

"வாரேன் ஐயரே. அந்த மூலைய நாப்பத்தஞ்சுல அறுத்தது யாரு கணக்குன்னு அவிய சொல்லட்டும். சொன்னாவன்னா வாரேன்."

செக்ரட்டரி ஜெயசீலன் பாதி எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். ஐயரம்மா கையை வாயில் வைத்துக்கொண்டாள். ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை, பீடத்தைப் பார்த்தார், முழங்காலில் இருக்கிற மனுஷனைப் பார்த்தார். ஆசீர் ஒரு கையைத் தரையில் ஊன்றினார். அவர் எழுந்து வெளியே போய்விடுவார் என்றே பியூலா நினைத்தாள். போனால் போகட்டும் என்றும் நினைத்தாள். வீட்டுக்குப் போய் என்ன நடக்கும் என்பதையும் நினைத்தாள்.

"என் கணக்கு" என்றார் ஆசீர். தொண்டைக்குள்ளேயே சொன்னார்.

"பொம்பளைக பக்கம் சத்தம் வரல" என்றாள் பியூலா.

அவர் எழுந்தார். சபையைப் பார்த்துத் திரும்பினார். முகம் கறுத்திருந்தது. "அவ சரியாத்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தா. நான்தான் வேண்டாம்னுட்டு என் இஷ்டத்துக்கு அறுத்தேன். கமிட்டியில பொய் சொல்லிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாதவர் மாதிரி நின்று, மறுபடி முழங்கால் போட்டார்.

பியூலா எழுந்தாள். சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் நடந்தாள். கோபம் ஒரு துளி குறைந்திருக்கவில்லை, குறையும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை, அதையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். அவர் விட்டிருந்த இடத்தில் முழங்கால் போட்டாள். இறங்கி வந்து அந்த மூலையோரம் நின்ற ஐயர், தூக்கிய கையை இறக்கவில்லை. வழக்கமாகப் புருஷனிடம் கேட்பவர், இன்றைக்கு அவள் பக்கம் குனிந்து, "ஜெபிக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"ஜெபிங்க ஐயரே" என்றாள். "ஆனா அதுக்கு முன்னால கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அந்த மூலை தாங்காது."